இங்கிலாந்தில் பழைய மெத்தையை எங்கே போடுவது? புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்துக்கு வந்து வாடகை வீட்டில் குடியேறும் எவருக்கும் சீக்கிரமே ஒரு பெரிய பொருளைத் தூக்கிப் போட வேண்டிய தேவை வந்துவிடும். ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருக்கும் மெத்தை, கால் உடைந்த கட்டில், முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன சோபா, குளிர்விக்க மறுக்கும் ஃபிரிட்ஜ், இப்படி ஏதாவது ஒன்று. ஊரில் என்றால் காயலான் கடைக்காரர் பேரம் பேசி எடுத்துக்கொண்டு போவார். கையில் நாலு காசும் கிடைக்கும். இங்கே நிலைமை தலைகீழ். பொருளை ஒழிக்க நாம்தான் காசு கொடுக்க வேண்டும், அல்லது காரில் ஏற்றிக்கொண்டு நாமே போக வேண்டும். இது புரியாத முதல் சில மாதங்களில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாட்டிக்கொள்வது இரண்டு விதம். இரவில் யாரும் பார்க்காதபோது மெத்தையைப் பின்சந்தில் சாய்த்துவிட்டு வருவது ஒன்று. ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்ட வேன்காரருக்கு ரொக்கமாக 30 பவுண்டு கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது இன்னொன்று. முதலாவது தவறென்று செய்பவருக்கே தெரியும். இரண்டாவதைச் செய்பவருக்கு, தான் தவறு செய்ததே தெரியாது. உள்ளாட்சி மன்றமான கவுன்சிலிலிருந்து கடிதம் வரும்போதுதான் தெரியும். இந்தக் கட்டுரை முக்கியமாக அவருக்காகத்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதியிருப்பது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து ஆகியவற்றில் அடிப்படை ஒன்றாக இருந்தாலும் அபராதத் தொகையும் நடைமுறையும் வேறு.

சட்டம் என்ன சொல்கிறது

கண்ட இடத்தில் குப்பை கொட்டுவதை இங்கே ஃப்ளை-டிப்பிங் என்கிறார்கள். 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 33-ஆவது பிரிவின்படி அது குற்றம். வழக்கு நீதிமன்றம்வரை போனால் அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது; ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். குப்பை ஏற்றிவந்த வாகனத்தைப் பறிமுதல் செய்யவும் அதிகாரம் உண்டு. நீதிமன்றத்துக்குப் போகாமலே கவுன்சில் அந்த இடத்தில் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 2023 ஜூலையில் 400 பவுண்டிலிருந்து 1,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது.

புதியவர்கள் கவனிக்க வேண்டியது அடுத்த பிரிவான 34-ஐ. உங்கள் வீட்டுக் குப்பையை எவரிடம் ஒப்படைத்தாலும், அவர் அதை ஏற்றிச் செல்ல உரிமை பெற்றவர்தானா என்று விசாரிக்கும் பொறுப்பு உங்களுடையது. விசாரிக்காமல் கொடுத்து, அவர் அதைக் காட்டில் கொட்டிவிட்டுப் போனால், உங்களுக்கும் அபராதம் வரும். அதன் உச்சவரம்பு இப்போது 600 பவுண்டு. 'நான் காசு கொடுத்து அனுப்பிவிட்டேன், அதன்பிறகு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது' என்பது இங்கே பதிலாகாது. கைமாற்றிவிட்டதால் மட்டும் குப்பை உங்களை விட்டுப் போய்விடாது.

வேன்காரர் ஏன் கொட்டுகிறார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால் அவருடைய விலையைக் கேட்டதும் சந்தேகம் வரும். நிலத்தில் புதைக்கும் குப்பைக்கு அரசு வரி வாங்குகிறது. 1996 அக்டோபரில் அந்த வரி தொடங்கியபோது டன்னுக்கு 7 பவுண்டு. 2025–26 நிதியாண்டில் வழக்கமான கழிவுக்கு டன்னுக்கு 126.15 பவுண்டு. குப்பையைப் பெற்றுக்கொள்ளும் தளத்தின் கட்டணமும், வேனுக்கு டீசலும், ஆள் கூலியும் தனி. முறையாகத் தொழில் செய்பவர் ஒரு வேன் நிறையக் குப்பையை 30 பவுண்டுக்கு எடுத்துப்போனால் அவருக்கு நஷ்டம்தான். ஆக, அந்த விலைக்கு எடுப்பவர் எங்கே கொண்டுபோகிறார் என்பதை ஊகிப்பது கடினமல்ல. கென்ட் கவுண்டியில் ஆஷ்ஃபர்டுக்கு அருகே ஹோட்ஸ் வுட் என்று ஒரு பழங்காடு இருக்கிறது. வசந்தத்தில் நீலமணிப் பூக்கள் தரையெல்லாம் விரியும் பாதுகாக்கப்பட்ட காடு. அதில் 30,000 டன்னுக்கும் மேற்பட்ட குப்பையை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதை அள்ளுவதற்கான செலவு கோடிக்கணக்கான பவுண்டு, மக்களின் வரிப்பணம்.

பெரிய கும்பல்கள்தான் இதைச் செய்கின்றன என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 2023–24-இல் இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் கையாண்ட சட்டவிரோதக் கொட்டல்கள் ஏறத்தாழ 11.5 லட்சம். அவற்றில் சுமார் 60 விழுக்காடு வீட்டுக் குப்பை.

எவையெல்லாம் இந்தக் குற்றத்தில் அடங்கும் என்று கேட்டால் பலருக்கு வியப்பாக இருக்கும். நிரம்பிவழியும் பின்னுக்கு (குப்பைத் தொட்டியை இங்கே பின் என்பார்கள்) பக்கத்தில் தரையில் வைத்த பை, பாட்டில் தொட்டி நிரம்பியிருக்கிறதென்று அதன் அடியில் விட்டுவந்த அட்டைப்பெட்டி, பூட்டிக்கிடக்கும் தொண்டு நிறுவனக் கடையின் வாசலில் இரவில் வைத்த துணி மூட்டை, 'இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி நடைபாதையில் வைத்த நாற்காலி ஆகிய எல்லாவற்றுக்கும் கவுன்சில்கள் அபராதம் விதித்திருக்கின்றன. நாற்காலிக்கு விதிப்பது கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மழை பெய்யும் ஊரில் இரண்டு நாள் நடைபாதையில் கிடந்த மெத்தை வைத்த நாற்காலியை யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதும் உண்மைதான்.

முதல் படி: உங்கள் கவுன்சில் எது என்று கண்டுபிடியுங்கள்

அரசின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டை இட்டால் உங்கள் கவுன்சிலின் பெயர் வரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. லண்டனிலும் பல பெருநகரங்களிலும் எல்லாவற்றுக்கும் ஒரே கவுன்சில்தான். ஆனால் கென்ட், சர்ரே, எசெக்ஸ் போன்ற கவுண்டிகளில் பெரும்பாலும் இரண்டு அடுக்கு: வீட்டு வாசலில் பின்னை எடுப்பது மாவட்டக் கவுன்சில், குப்பைத் தளத்தை நடத்துவது கவுண்டிக் கவுன்சில். தளம் பற்றி மாவட்டக் கவுன்சிலுக்குத் தொலைபேசி செய்தால் 'அது எங்கள் வேலை இல்லை' என்பார்கள். அலட்சியத்தால் அப்படிச் சொல்லவில்லை. உண்மையிலேயே அது அவர்கள் வேலை இல்லை. லண்டனுக்குள்ளேயே சில பரோக்கள் (தனித்தனிக் கவுன்சில் கொண்ட நகரப் பகுதிகள்) சேர்ந்து தளங்களுக்கென்று பொது ஆணையம் வைத்திருக்கின்றன. ஹாரோ, பிரென்ட், ஈலிங் போன்றவை மேற்கு லண்டன் கழிவு ஆணையத்தில் இருக்கின்றன. நியூஹாம், ரெட்பிரிட்ஜ் ஆகியவை கிழக்கு லண்டன் கழிவு ஆணையத்தில் சேர்ந்தவை.

அந்தப் பக்கத்தில் இருக்கும்போதே உங்கள் தெருவுக்குரிய பின் நாள்காட்டியையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பின்களின் நிறத்துக்கு நாடு முழுவதும் ஒரே விதி கிடையாது. ஓர் ஊரில் மறுசுழற்சிக்கான நீலப் பின், அடுத்த ஊரில் காகிதத்துக்கு மட்டுமானது. பக்கத்து ஊரிலிருக்கும் நண்பரிடம் கேட்டு அதன்படி நடந்தால் தவறாகத்தான் போகும். 2026 மார்ச் 31 முதல் இங்கிலாந்து முழுவதும் ஓரளவு ஒரே சீரான முறை வர வேண்டும் என்பதும், உணவுக் கழிவை வாராவாரம் தனியே எடுக்க வேண்டும் என்பதும் புதிய விதி. சில கவுன்சில்களுக்கு மட்டும் கூடுதல் அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

இரண்டாம் படி: தூக்கிப் போடுவதற்கு முன் நான்கு இடங்களில் கேளுங்கள்

புதிய பொருள் வாங்கும் கடையில் முதலில் கேளுங்கள். புதிய ஃபிரிட்ஜ் வாங்கினால் பழைய ஃபிரிட்ஜைப் பெற்றுக்கொள்ளும் கடமை பெரிய மின்சாதனக் கடைகளுக்குச் சட்டப்படி உண்டு. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் இலவசம்; வீட்டுக்கு வந்து எடுத்துப்போக மட்டும் கட்டணம் கேட்கலாம். மின்சாதன விற்பனைப் பரப்பு 400 சதுர மீட்டருக்கு மேல் உள்ள கடைகள், நீளம் 25 சென்டிமீட்டருக்குள் இருக்கும் சிறு சாதனங்களை, நீங்கள் எதுவும் வாங்காவிட்டாலும் பெற்றுக்கொள்ள வேண்டும். பழைய கைப்பேசி, சார்ஜர், மின் பல்துலக்கி எல்லாம் இதில் அடங்கும். மெத்தைக்கு இப்படிச் சட்டம் இல்லை. ஆனால் பெரும்பாலான மெத்தைக் கடைகள் கட்டணம் வாங்கிக்கொண்டு பழையதை எடுத்துப்போகும். மெத்தைக்கு ஆர்டர் கொடுக்கும்போதே, பழையதை எடுத்துப்போவதற்கான கட்டத்தில் டிக் செய்துவிடுங்கள். பிறகு தனியாக ஏற்பாடு செய்வதைவிட இது மலிவு.

நல்ல நிலையில் இருக்கும் பொருளைத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கலாம். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் போன்றவை வீட்டுக்கே வந்து இலவசமாக எடுத்துப்போகும். சோபாவுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. மெத்தைக்கு அடியிலோ இருக்கையின் கீழ்ப்புறத்திலோ தைத்திருக்கும் தீப்பாதுகாப்புச் சீட்டு இருந்தாக வேண்டும். 1988-ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தச் சீட்டு இல்லாத சோபாவை எந்தத் தொண்டுக் கடையும் தொடாது. அசிங்கமாகத் தொங்குகிறதென்று கத்தரிக்கோலால் அதை வெட்டிவிடுகிறார்கள். இந்த நாட்டில் சோபா வாங்குவோருக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை, அந்தச் சீட்டில் கை வைக்காதீர்கள் என்பதுதான்.

ஃப்ரீசைக்கிள், நெக்ஸ்ட்டோர், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் ஆகியவற்றில் 'இலவசம்' என்று போட்டால் வருகிறேன் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள். இருந்தாலும் மாணவர்கள் குவியும் ஊர்களில் செப்டம்பர் மாதம் மேசையும் நாற்காலியும் போன இடம் தெரியாது.

நான்காவதாக, வீட்டு உரிமையாளரைக் கேளுங்கள். நீங்கள் குடிவந்தபோதே அந்தப் பொருள் இருந்திருந்தால் அதை அகற்றுவது உங்கள் வேலை இல்லை. குடிவந்த நாளிலேயே படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். இதைச் செய்யாதவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது, யாரோ விட்டுப்போன மெத்தைக்காகத் தங்கள் முன்பணத்திலிருந்து காசை இழக்கிறார்கள். வாடகை வீட்டைச் சுத்தம் செய்யும் உரிமையாளர் அகற்றும் பொருளைப் பல கவுன்சில்கள் வணிகக் கழிவாகவே கருதும். அதனால் 'நீயே டிப்புக்கு (குப்பைத் தளத்துக்கு) கொண்டுபோய்ப் போட்டுவிடு' என்று உங்கள் தலையில் கட்டப் பார்க்கும் உரிமையாளர்கள் உண்டு. பணிந்துபோக வேண்டியதில்லை.

மூன்றாம் படி: கவுன்சிலையே வந்து எடுக்கச் சொல்லலாம்

கார் இல்லாதவர்களுக்கு இதுதான் நேரான வழி. ஏறக்குறைய எல்லாக் கவுன்சில்களும் பெரிய பொருள்களை வீட்டு வாசலிலிருந்து எடுத்துப்போகும் சேவை வைத்திருக்கின்றன. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். சில கவுன்சில்கள் குறைந்த வருமான உதவித்தொகை பெறுவோருக்குச் சலுகை தருகின்றன. சில இடங்களில் ஆண்டுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை இலவசம். இணையத்தில் பதிவு செய்யும்போது பொருள்களின் பெயரைச் சரியாகக் குறியுங்கள். ஒரு சோபா என்று எழுதிவிட்டு வாசலில் சோபாவும் அலமாரியும் வைத்தால் சோபாவை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சம் நிற்கும் அலமாரி உங்கள் பெயரில்தான் நிற்கும்.

எந்த நாள், எத்தனை மணிக்குமுன், எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் இருக்கும். இரண்டு நாள் முன்னதாக வெளியே வைக்காதீர்கள். அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்தால் உங்களைக் காப்பாற்றுவது அதுதான். அடுக்குமாடியில் இருந்தால் பொதுத் தாழ்வாரத்தில் வைக்கக் கூடாது, தீ விபத்தின்போது வெளியேறும் வழி அது. நிர்வாகத்திடம் இடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: டிப்புக்குப் போவது எப்படி

பேச்சில் எல்லோரும் டிப் என்பார்கள். பலகையில் வீட்டுக் கழிவு மறுசுழற்சி மையம் என்ற பொருளில் நீளமான பெயர் இருக்கும். உங்கள் வீட்டில் உண்டான குப்பைக்கு அங்கே பொதுவாகக் கட்டணம் கிடையாது. கவுன்சில் வரியில் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். ஆனால் நினைத்தபோது ஓட்டிக்கொண்டு போய் நுழைந்துவிட முடியாது.

கிளம்புவதற்கு முன் நான்கு விஷயங்களைக் கவுன்சில் இணையப் பக்கத்தில் பாருங்கள். முன்பதிவு தேவையா? கொரோனா காலத்தில் கூட்டத்தைக் குறைக்க வந்த முன்பதிவு முறையைப் பல கவுன்சில்கள் அப்படியே வைத்துக்கொண்டன. கென்ட், ஹாம்ப்ஷயர் ஆகியவை அந்த வகை. கார் எண்ணைக் கொடுத்து நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். முகவரிச் சான்று கேட்பார்களா? ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் கவுன்சில் வரி ரசீதையோ மின்கட்டண ரசீதையோ எடுத்துச் செல்லுங்கள். அறை வாடகைக்கு இருப்பவருக்கு இரண்டுமே இருக்காது. வங்கிக் கடிதம் செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மூன்றாவது, வாகனம். காருக்குத் தடையில்லை. வேன், பெரிய டிரெய்லர் என்றால் பல இடங்களில் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். நண்பரின் வேனையோ வாடகை வேனையோ எடுத்துக்கொண்டு போய் உயரத் தடுப்புக் கம்பியின் முன்னால் நிற்பவர்களை எந்தச் சனிக்கிழமையும் பார்க்கலாம். பின்னால் பத்து கார்கள் ஹாரன் அடிக்க, அவர் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். நான்காவது, நடந்து போக முடியுமா? வாகனங்கள் திரும்பும் இடம் என்பதால் பல தளங்கள் நடந்து வருவோரை அனுமதிப்பதில்லை.

உள்ளே போனால் வரிசையாகப் பெரிய இரும்புத் தொட்டிகள் இருக்கும். மரம், உலோகம், அட்டை, மண் கல், தோட்டக் கழிவு, சிறு மின்சாதனம், பெரிய மின்சாதனம் என ஒவ்வொன்றுக்கும் பலகை. எதிலும் சேராத பொதுக் கழிவுக்கு ஒன்று. ஒளிரும் ஜாக்கெட் அணிந்த பணியாளர் எதை எங்கே போட வேண்டும் என்று காட்டுவார். தூக்கிப் போட உதவ வேண்டிய கடமை அவருக்கில்லை, எனவே கனமான பொருளென்றால் கூட ஓர் ஆளை அழைத்துப்போங்கள். கறுப்புப் பையில் எல்லாவற்றையும் கலந்து கட்டிக் கொண்டுபோனால் ஓரமாக நிறுத்திப் பையைப் பிரித்துத் தரம் பிரிக்கச் சொல்லும் தளங்கள் உண்டு. வீட்டிலேயே வகைவகையாகப் பிரித்து, கடைசியாகப் போட வேண்டியதை முதலில் ஏற்றி, வண்டியை அடுக்குங்கள். உள்ளே இருக்கும் நேரம் பாதியாகும்.

மெத்தை வைத்துத் தைத்த சோபா, நாற்காலிகளுக்குத் தனி இடம் காட்டுவார்கள். அவற்றின் துணியிலும் நுரையிலும் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த, எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்கள் இருக்கலாம் என்பதால் 2023 ஜனவரி முதல் அரசின் சுற்றுச்சூழல் முகமை அவற்றைப் புதைக்க விடுவதில்லை. தனியே சேகரித்து எரிக்க வேண்டும். கிழித்து உடைத்து மற்றக் குப்பையோடு கலந்துவிடாதீர்கள்.

வீட்டை நீங்களே பழுதுபார்த்து உண்டான கல், ஓடு, பிளாஸ்டர் ஆகியவற்றுக்குப் பல கவுன்சில்கள் முன்பு காசு வாங்கிக்கொண்டிருந்தன. 2023 டிசம்பர் 31 முதல் சிறிய அளவுக்கு வாங்கக் கூடாது. சிறிய அளவு என்றால் ஒரு தடவைக்கு 50 லிட்டர் பை இரண்டு, அல்லது குளியல் தொட்டி அளவுள்ள ஒரு பொருள். நான்கு வாரத்தில் நான்கு தடவைவரை. கொத்தனாரை வைத்துச் செய்த வேலை இதில் சேராது. அந்தக் கழிவை அவரே கொண்டுபோக வேண்டும், வேலைக்கு விலை பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

டிப்பில் எல்லாவற்றையும் வாங்கிவிட மாட்டார்கள். திரவமாக இருக்கும் பெயின்டைப் பல தளங்கள் மறுக்கும். மரத்தூளோ பூனைக் கழிவுத் தூளோ கலந்து இறுகிய பிறகு கொண்டுபோகலாம். காலாவதியான மருந்தை மருந்துக் கடையில் கொடுங்கள். எரிவாயு சிலிண்டர், கொடுத்த நிறுவனத்துக்கே திரும்பிப் போக வேண்டும். பேட்டரியை எந்தச் சூப்பர் மார்க்கெட் வாசலிலும் போடலாம். ஆண்டுக்கு 32 கிலோவுக்கு மேல் பேட்டரி விற்கும் கடைகள் பழையதைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். பேட்டரியையும் வேப் கருவியையும் வீட்டுப் பின்னில் மட்டும் போடாதீர்கள், குப்பை லாரியில் நசுங்கும்போது தீப்பிடிக்கும். தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெயைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிக் குழாய் அடைத்துக்கொள்வது நம் வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆறவைத்து, வாங்கிய புட்டியிலேயே திரும்ப ஊற்றி மூடிக் கொண்டுபோனால் பெரும்பாலான டிப்புகளில் சமையல் எண்ணெய்க்கென்றே ஒரு தொட்டி இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்று தோன்றும் பழைய கூரைத் தகட்டை உடைக்காதீர்கள். கவுன்சிலைக் கேட்காமல் நகர்த்தவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: வேன்காரரை அழைப்பதாக இருந்தால்

சில சமயம் வேறு வழி இருக்காது. வீடு முழுவதையும் காலி செய்ய வேண்டும், நாளை சாவியைக் கொடுக்க வேண்டும். அப்போது பணத்தை எடுப்பதற்கு முன் பதிவெண்ணைக் கேளுங்கள். குப்பை ஏற்றிச் செல்பவர் சுற்றுச்சூழல் முகமையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பிறர் குப்பையை ஏற்றித் தொழில் செய்பவரின் பதிவெண் 'சிபிடியு' (CBDU) என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்த எண்ணை அரசின் பொதுப் பதிவேட்டில் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். தேடும்போது எண் இருக்கிறதா என்பதோடு நிற்காதீர்கள்: பெயர் அவருடையதுதானா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். வேறொருவரின் எண்ணை விளம்பரத்தில் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். தொழிலை ஒழுங்காகச் செய்பவர் எந்தத் தளம் என்று பட்டென்று சொல்வார். 'அதெல்லாம் நீங்கள் கவலைப்படாதீர்கள்' என்று பதில் வந்தால் அப்போதுதான் கவலைப்பட வேண்டும். தேதி, முகவரி, என்னென்ன பொருள், எவ்வளவு தொகை, யார் எடுத்தது என்று எழுதிய ரசீது கேளுங்கள். ரொக்கம் வேண்டாம், வங்கி வழியாகவோ அட்டையிலோ கட்டுங்கள். ஏற்றும்போது வேனின் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்துவிட்டால், பின்னால் அவர் எங்கேயாவது கொட்டினாலும் நீங்கள் நியாயமான முயற்சி எடுத்தீர்கள் என்று காட்டலாம். கூச்சமாக இருக்கிறது, தெரிந்தவர் அனுப்பிய ஆள், எப்படிக் கேட்பது என்று தயங்குகிறார்கள். வாட்ஸப்பில் ஒரு வரியில் கேட்டுவிடலாம். பதிலும் எழுத்தில் இருக்கும்.

குப்பையோடு கடிதங்களை அனுப்பாதீர்கள். கவுன்சில் அதிகாரிகள் கொட்டிய பைகளைக் கையுறை போட்டுக்கொண்டு பிரித்துப் பார்ப்பார்கள். ஒரு பார்சல் பெட்டியின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு போதும் அவர்களுக்கு. முகவரியை மறைத்துத் தப்பிக்க வழி சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். வங்கிக் கடிதமும் விசா ஆவணத்தின் நகலும் குப்பையில் போவது வேறு பல ஆபத்துகளையும் கொண்டுவரும்.

கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தால்

பதில் சொல்லாமல் விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. கடிதத்தில் கொடுத்த தேதிக்குள், உங்களிடம் இருக்கும் ரசீது, வங்கிக் கணக்குப் பதிவு, வாட்ஸப் உரையாடல், வேனின் படம் ஆகியவற்றோடு பதில் எழுதுங்கள். நேரில் விசாரணைக்கு அழைத்தால், நீங்கள் சொல்வது சாட்சியமாகப் பயன்படும் என்று எச்சரித்த பிறகே கேள்வி கேட்பார்கள். வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தயக்கம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். உறவுக்காரப் பையனைக் கூட்டிக்கொண்டு போவது சரிவராது. அபராதச் சீட்டை உரிய காலத்தில் கட்டினால் விஷயம் நீதிமன்றம் போகாது. செய்யாத குற்றம் என்றால் கட்டாமல் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமையும் உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றால் விசா நீட்டிப்பு, நிரந்தர வசிப்புரிமை ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது அதைத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்த முடிவை ஆலோசனை பெற்று எடுங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு

மளிகைக் கடை, டேக்அவே, பெட்ரோல் பங்க் என்று சிறுதொழில் செய்யும் தமிழர்கள் இங்கே நிறையப் பேர். கடைக் குப்பையை வீட்டுப் பின்னில் போடுவதும் காரில் ஏற்றி டிப்புக்குக் கொண்டுபோவதும் கூடாது. வாழைக்காய் வந்த அட்டைப்பெட்டி இரண்டே இரண்டாக இருந்தாலும் அது வணிகக் கழிவுதான். உரிமம் பெற்ற நிறுவனத்தோடோ கவுன்சிலோடோ ஒப்பந்தம் வேண்டும். குப்பையை ஒப்படைத்ததற்கான மாற்றுச் சீட்டை இரண்டு ஆண்டு பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது காட்ட முடியாவிட்டால் அதற்கே 300 பவுண்டு அபராதம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் 2025 மார்ச் 31 முதல் உணவுக் கழிவையும் மறுசுழற்சிப் பொருள்களையும் தனித்தனியே பிரித்தாக வேண்டும்; அதைவிடச் சிறியவற்றுக்கு 2027 மார்ச் 31 வரை அவகாசம். பொரித்த எண்ணெயை இலவசமாகவோ காசு கொடுத்தோ எடுத்துப்போகும் நிறுவனங்கள் உண்டு. அங்கும் சீட்டு வாங்க மறக்க வேண்டாம்.

வேறு யாரோ கொட்டியதைக் கண்டால்

பைகளைப் பிரிக்காதீர்கள், ஊசியோ ஆஸ்பெஸ்டாஸோ இருக்கலாம். கொட்டிக்கொண்டிருப்பவரைத் தட்டிக்கேட்கவும் போகாதீர்கள். நாள், நேரம், இடம், வாகன எண், என்ன குப்பை என்று குறித்துக்கொண்டு, ஆபத்தில்லாமல் முடிந்தால் படமும் எடுத்து, கவுன்சில் இணையதளத்திலோ ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்திலோ புகார் செய்யுங்கள். லாரிக்கணக்கில் கொட்டுகிறார்கள், ஆற்றுக்குப் பக்கத்தில் ரசாயன டிரம்கள் கிடக்கின்றன என்றால் சுற்றுச்சூழல் முகமையின் இருபத்துநான்கு மணிநேர எண் 0800 80 70 60.

பொது இடத்தில் கிடப்பதைக் கவுன்சில் அள்ளும். உங்கள் வீட்டு முன்தோட்டத்தில் யாராவது கொட்டிவிட்டுப் போனால் அது தனியார் நிலம். அகற்றும் செலவு நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு. அநியாயம்தான், ஆனால் நடைமுறை அதுதான். கோபத்தில் அதை நடைபாதைக்குத் தள்ளிவிட்டால் இப்போது கொட்டியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். வாடகைக்கு இருப்பவர் உடனே படத்தோடு உரிமையாளருக்கு எழுதுங்கள், கவுன்சிலுக்கும் தகவல் கொடுத்துக் குறிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பின் அதே இடத்தில் மறுபடி கொட்டினால் பழைய குறிப்பெண்ணைச் சொல்லியே புகார் செய்யுங்கள். ஒரே சந்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று பதிவானால்தான் அங்கே கேமரா வைக்கக் கேட்க முடியும்.